பாமினியிலிருந்து யுனிக்கோட்டுக்கு: வேர்ட் துணைநிரலின் ஆக்கமும் வழங்கலும்

இலங்கையிற் கணனிவழித் தட்டெழுதப்பெற்ற தமிழ் ஆவணங்கள் பல பாமினி எழுத்துருவில் அமைந்தவை. அதில் தமிழெழுத்துக்கள் உரோமன் எழுத்துக்களுக்குரிய குறியீடுகளிலேயே ஏற்றப்பட்டுள்ளன. ஆதலின், எழுத்துரு இல்லாத கணனியில் அவை பொருளற்ற உரோமன் எழுத்துக்களாகத் தோன்றும். தமிழ்ச் சொல்லைத் தேடினும் அகப்படா. இவற்றை யுனிக்கோட்டுக்கு மாற்றும் துணைநிரலொன்றை மைக்ரோசொப்ட் வேர்ட்டுக்கு ஆக்குவதாயின் எவ்வழியைத் தெரிவது என்பதை ஈண்டு நோக்குவோம்.

மாற்றம் வேர்ட்டினுள்ளேயே நிகழ்வது நன்று. ஆய்வேடுகளில் ஆங்கிலச் சொற்களும் கலந்துவரும். தமிழ் எது, ஆங்கிலம் எது என்பதைக் குறியீடு காட்டாது. எழுத்துருவின் பெயரே காட்டும். வெறும் உரையாக வெளியே எடுத்தால் அப்பெயர் அழிந்துவிடும். மேலும், 'கெ' என்பதிற் பாமினி கொம்பை முதலிலும் ககரத்தைப் பின்னரும் வைக்கும். யுனிக்கோட்டில் ககரமே முதலில் வரும்.

வழிகள் மூன்று. முதலாவது, ஓபிஸ் 97 பதிப்பில் வேர்ட்டுக்கு வந்த விஷுவல் பேசிக் மக்ரோ. வார்ப்புருக் கோப்பொன்றாக இதனைக் கையளிக்கலாம், இணையம் வேண்டியதில்லை. ஆயின், அதன் நிரற்பதிப்பியில் தமிழெழுத்தை நேரே எழுதவியலாது; ககரத்தை 2965 என்னும் எண்ணாலேயே குறித்தல் வேண்டும். 1999இற் பரவிய மெலிசா போன்ற நச்சுநிரல்களும் மக்ரோக்களே. 2022 தொடக்கம், இணையத்தினின்று பெற்ற கோப்புகளின் மக்ரோக்களை வின்டோஸ் ஓபிஸ் இயல்பாகவே தடுத்துவருகின்றது.

இரண்டாவது, ஓபிஸ் 2000 முதல் வழங்கும் 'கொம்' வகையும், அதன்வழி வந்த டொட்நெட் துணைநிரலுமாகும். இவை வேர்ட்டின் ஆற்றல்களை ஆழமாகப் பயன்கொள்வன. எனினும் வின்டோஸில் மாத்திரமே இயங்குவன, கணனிதோறும் நிறுவப்படவேண்டியன.

மூன்றாவது, 2013ஆம் ஆண்டுப் பதிப்புடன் வந்த இணையவகை. இது ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்படுவது. பயனருக்கு வழங்கப்படுவது ஒரு விவரக்கோப்பே. நிரல் வழங்கியில் இருக்கும். வின்டோஸ், மக், ஐபேட், உலாவி ஆகிய யாவற்றிலும் இயங்கும். நிறுவனத்தின் மைக்ரோசொப்ட் 365 நிருவாகி வேண்டியவர்க்கு இதனை ஒரே இடத்திலிருந்து ஒதுக்கலாம். ஆயின், இணைய இணைப்பும் பாதுகாப்புச் சான்றிதழுடன் பேணப்படும் வழங்கியும் இன்றியமையாதன. உரையை வழங்கிக்கு அனுப்பாது பயனரின் கணனியிலேயே மாற்றுமாறு அமைத்தால் வெளியிடப்படாத ஆய்வேடுகளின் அந்தரங்கமும் காக்கப்படும்.

எழுதுவதற்கு எளிது எது என்பதைவிட, பிழை காணப்பட்டபின் திருத்தம் எவ்வாறு பயனரைச் சென்றடையும் என்பதே தெரிவை நிர்ணயித்தல் வேண்டும் என்பது நம் கருத்து. எழுத்தட்டவணையில் ஒரெழுத்துத் தவறினும் மாற்றிய ஏடுகள் அனைத்திலும் அது படியும். மக்ரோவின் பழைய படிகள் பலர் கையிலிருந்து அப்பிழையைத் தொடர்ந்து விளைக்கும். இணையவகையில் வழங்கியில் ஒருமுறை திருத்தினாற் போதும். எனவே, இணையமற்ற ஒரே கணனிக்கு மக்ரோவும், பலவகைக் கணனிகள் வழங்கும் பீடத்துக்கு இணையவகையும் பொருந்தும். வேர்ட்டின் உள்ளாற்றல் இன்றியமையாதவிடத்து மட்டும் இரண்டாவதை நாடலாம். எதனைத் தெரியினும், மூலக்கோப்பை அழியாது பேணி, மாற்றத்தைப் படியொன்றிலேயே நிகழ்த்துமாறு நிரலை அமைத்தல் வேண்டும்.