வாங்காத செயலிகளின் வரவு செலவு

ஷாவ்மி நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டுக் கணக்கில் இரண்டு வரிகளை அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும், புதுப் போனில் நாம் கேட்காத செயலிகள் ஏன் வருகின்றன என்று விளங்கிவிடும். அந்த ஆண்டு அது விற்ற ஸ்மார்ட்போன்கள் 16.85 கோடி. வரவு 19,180 கோடி யுவான், மொத்த லாப விகிதம் 12.6 சதவீதம். இன்னொரு வரி 'இணையச் சேவைகள்'. அதில் வரவு 3,410 கோடி யுவான்தான். போன் வரவில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனால் லாப விகிதம் 76.6 சதவீதம். பெருக்கிப் பாருங்கள். போன் விற்றதில் மொத்த லாபம் சுமார் 2,420 கோடி யுவான். சேவைகளில் சுமார் 2,610 கோடி.

அதாவது போன் விற்றுச் சம்பாதித்ததைவிட, விற்ற போனை வைத்துச் சம்பாதித்தது கூடுதல். இணையச் சேவை என்ற தலைப்பில் விளையாட்டு, டிவி வருமானமும் சேர்ந்திருக்கிறது, உண்மைதான். ஆனாலும் பத்தில் ஏழு பங்கு விளம்பரம்.

ஒரு போன் அளவுக்கு இறக்கிப் பார்க்கலாம். சராசரி விலை 1,138 யுவான், அந்த ஆண்டு மதிப்பில் சுமார் 13,200 ரூபாய். அதில் கம்பெனிக்கு நிற்கும் மொத்த லாபம் 143 யுவான், ஏறக்குறைய 1,660 ரூபாய். இதிலிருந்துதான் விளம்பரம், ஆராய்ச்சி, சம்பளம் எல்லாம் போக வேண்டும். இன்னொரு பக்கம், மாதந்தோறும் அதன் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் உலகெங்கும் சுமார் 70 கோடிப் பேர். சேவை வருமானத்தை இவர்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு ஆண்டுக்கு 48 யுவானுக்குச் சற்று மேல், அதாவது 560 ரூபாய்போல. போனை மூன்று வருஷம் வைத்திருப்பவரிடமிருந்து வருகிற தொகை, போன் விற்றபோது நின்ற லாபத்தைத் தொட்டுவிடுகிறது. வன்பொருளில் நிகர லாபம் 5 சதவீதத்தைத் தாண்ட விடமாட்டோம் என்று 2018 ஏப்ரலில் அதன் நிறுவனர் லெய் ஜுன் அறிவித்தபோது அதைத் தியாகம் என்று எழுதியவர்கள் உண்டு. கணக்கைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

இந்த ஒரு நிறுவனத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கணக்கை வெளிப்படையாகப் பிரித்துக் காட்டுகிற நிறுவனம் என்பதால்தான் அது இங்கே முதலில் வந்தது. மற்றவர்களில் பெரும்பாலோர் பிரித்துக் காட்டுவதில்லை, அவ்வளவே.

பத்தாயிரம் ரூபாய்ச் சுற்றுவட்டாரத்தில் விற்கும் ஒரு போனை முதன்முதலாக இயக்கும்போது நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மொழி, வைஃபை, கூகுள் கணக்கு. அதன்பின் போன் கம்பெனியின் நிபந்தனைகள். கீழே நாலைந்து கட்டங்கள், சிலவற்றில் டிக் ஏற்கெனவே விழுந்திருக்கும். அவசரத்தில் யாரும் எடுப்பதில்லை. ஹோம் ஸ்கிரீன் திறந்ததும் முதல் பக்கம் பார்க்கச் சுத்தமாக இருக்கும். இரண்டாம் பக்கத்தில்தான் விஷயம். ஷாப்பிங் ஆப், கடன் ஆப், குட்டி வீடியோ ஆப், மிட்டாய் உடைக்கும் விளையாட்டு. பக்கத்தில் இரண்டு ஃபோல்டர்கள். அவற்றைத் திறந்தால் மேல் வரிசையில் இருப்பவை போனில் உள்ள ஆப்கள். கீழ் வரிசையில் அதே அளவில், அதே வடிவில் இருப்பவை இன்னும் போனுக்கு வராதவை. ஐகானின் ஓரத்தில் கடுகளவு அம்புக்குறி மட்டும் இருக்கும். விரல் பட்டால் இறங்கத் தொடங்கிவிடும். வயதானவர்களின் போனில் பெயர் தெரியாத ஆப்கள் பெருகுவதற்கு அந்த அம்புக்குறி ஒரு முக்கியக் காரணம்.

சரி, நீக்கிவிடலாம் என்று செட்டிங்ஸுக்குப் போனால் மூன்று சாதி ஆப்கள். சிலவற்றுக்கு 'அன்இன்ஸ்டால்' உண்டு. சிலவற்றுக்கு 'டிசேபிள்' மட்டும். இன்னும் சிலவற்றுக்கு அதுவும் மங்கிக் கிடக்கும். பின்னிரண்டு வகையும் சிஸ்டம் பகுதியில் உட்கார்ந்திருப்பவை. அந்தப் பகுதியில் எழுதவோ அழிக்கவோ பயனருக்கு அனுமதி இல்லை. டிசேபிள் செய்தால் ஆப் ஓடாது, ஆனால் அது பிடித்த இடம் திரும்பி வராது. இதைவிட வேடிக்கை, அந்த ஆப்புக்கு அப்டேட் வந்தால் புதிய பிரதி நம்முடைய பகுதியில் வந்து உட்காரும், பழையது சிஸ்டத்தில் அப்படியே இருக்கும். ஒரே ஆப்புக்கு இரட்டை இடம். கணினியோடு இணைத்து ஏடிபி கட்டளை கொடுத்து 'நீக்குபவர்கள்' உண்டு. அதிலும் அந்தப் பயனர் கணக்கிலிருந்து மட்டுமே ஆப் போகும், சிஸ்டத்தில் மூலப்பிரதி இருக்கும். குடித்தனக்காரரோடு சேர்த்து வீட்டை விற்றுவிட்டு, அவர் அறைக்குப் பூட்டு மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்வது மாதிரி.

இடம் எவ்வளவு? பிரிட்டனின் 'விச்?' நுகர்வோர் இதழ் 2014 தொடக்கத்தில் 16 ஜிபி என்று விற்ற போன்களைச் சோதித்தது. ஐபோன் 5சி-யில் பயனருக்கு மிஞ்சியது 12.6 ஜிபி, நெக்ஸஸ் 5-இல் 12.28. சாம்சங் கேலக்ஸி எஸ்4-இல் 8.56. அட்டையில் அச்சிட்ட எண்ணில் 54 சதவீதம்தான். இந்த மாதிரி எண்களைக் கையாளும்போது ஒரு எச்சரிக்கையும் வேண்டும். 2023-இல் கேலக்ஸி எஸ்23 வரிசையில் சிஸ்டம் மட்டும் 60 ஜிபி என்று படத்தோடு செய்தி பரவியது. 512 ஜிபி என்று அட்டையில் போடுவது ஆயிரத்தின் மடங்கில், போன் எண்ணுவது 1,024-இன் மடங்கில். அந்தக் கணக்கில் 512 என்பது 476.8 ஆகிவிடும். இந்த 35 ஜிபி வித்தியாசத்தையும் போன் 'சிஸ்டம்' கணக்கில் எழுதிவிட்டது. உண்மையில் சிஸ்டம் பிடித்த இடம் பாதிக்கும் குறைவு. கோபத்தில் பரவும் எண்ணையும் ஒருமுறை வகுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இடத்துக்கு விலையும் போடலாம். இந்தியாவில் எஸ்23 அறிமுகமானபோது 128 ஜிபி 74,999 ரூபாய், 256 ஜிபி 79,999. மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான், எனவே ஒரு ஜிபி 39 ரூபாய். ஐபோன் 16-இல் அதே 128 ஜிபி வித்தியாசத்துக்கு 10,000 ரூபாய், ஜிபி 78 ரூபாய். நமக்கு வேண்டாத ஆப்கள் 5 ஜிபி பிடித்தால் 195 முதல் 390 ரூபாய் நாம் கொடுத்த இடம் அவர்களிடம் போகிறது.

டேட்டா செலவு இதைவிட அற்பம். டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் டக்ளஸ் லீத் 2021-இல் வெளியிட்ட அளவீட்டில், யாரும் தொடாமல் மேஜையில் கிடக்கும் ஆண்ட்ராய்டு போன் 12 மணி நேரத்துக்குச் சுமார் 1 எம்பி கூகுளுக்கு அனுப்பியது. ஐபோன் ஆப்பிளுக்கு அனுப்பியது 52 கேபி. ஆண்ட்ராய்டு கணக்கில் மாதத்துக்கு 60 எம்பி. ஜியோவின் 299 ரூபாய்த் திட்டத்தில் 28 நாளுக்கு 42 ஜிபி என்றால் ஒரு ஜிபி 7 ரூபாய்ச் சொச்சம். ஆக மாதம் 42 பைசா. இதற்காக யாரும் சண்டைக்குப் போகப் போவதில்லை. ஆனால் அனுப்புகிறவரின் பைசாவும் பெறுகிறவரின் பைசாவும் ஒரே மதிப்பல்ல. அமெரிக்காவில் உள்ள ஆண்ட்ராய்டு போன்களை மட்டும் கூட்டினாலே ஒவ்வொரு 12 மணி நேரத்துக்கும் நூறு டெராபைட்டுக்கு மேல் ஆகிவிடும்.

லீத் அளந்தது பேர்பெற்ற நிறுவனத்தின் போனை. பேர் தெரியாத மென்பொருளின் கதை வேறு. 2016 நவம்பரில் அமெரிக்காவின் கிரிப்டோவைர் நிறுவனம், அமேசானில் 50 டாலருக்குக் கிடைத்த புளூ ஆர்1 எச்டி போனில் ஷாங்காயின் ஆடப்ஸ் தயாரித்த ஒரு முன்நிறுவல் மென்பொருளைக் கண்டுபிடித்தது. குறுஞ்செய்திகளையும் அழைப்புப் பட்டியலையும் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை சீனாவில் உள்ள சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது அது. புளூ ஒப்புக்கொண்ட எண்ணிக்கை 1,20,000 போன்கள். மாட்ரிட் ஆய்வாளர்கள் 2,748 தன்னார்வலர்களின் போன்களிலிருந்து திரட்டிய தொகுப்பில் 214 நிறுவனங்களின் 1,742 மாடல்கள், 82,501 முன்நிறுவல் ஆப்கள் இருந்தன. இவற்றின் பெயர்களில் பிளே ஸ்டோரில் இருந்தவை 9 சதவீதம் மட்டுமே. மீதி 91 சதவீதத்தை வெளியாள் சோதித்துப் பார்ப்பது எளிதல்ல. எனக்கு மிட்டாய் விளையாட்டைவிட இந்த 91 பெரிய கவலை. விளையாட்டுக்காவது ஐகான் இருக்கிறது.

இனி யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்ற பக்கம். பொதுவாக இவை ஒப்பந்த ரகசியம். நீதிமன்றத்தில்தான் வெளியே வருகின்றன. எபிக் என்ற விளையாட்டு நிறுவனம் கூகுள்மீது தொடுத்த வழக்கில் 2023 நவம்பரில் ஒரு சாட்சியம்: தேடுபொறி, அசிஸ்டன்ட், பிளே ஸ்டோர் மூன்றையும் இயல்பிருப்பாக (டிஃபால்ட்) வைக்க சாம்சங்குக்கு கூகுள் நான்கு ஆண்டுக்கு 800 கோடி டாலர் தர ஒப்பந்தம். ஆண்டுக்கு 200 கோடி. ஐடிசி கணக்கில் 2022-இல் சாம்சங் அனுப்பிய போன்கள் 26 கோடி. போனுக்கு 7.7 டாலர், அன்றைய மதிப்பில் 600 ரூபாய்க்கு மேல். அமெரிக்க அரசு தொடுத்த இன்னொரு வழக்கில், தேடலுக்கான இயல்பிருப்புக்காக 2021-இல் எல்லோருக்கும் சேர்த்து கூகுள் கொடுத்தது 2,630 கோடி டாலர் என்று பதிவானது. பெரும்பங்கு ஆப்பிளுக்கு, 2022-இல் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் 2,000 கோடி.

2,630 கோடியை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 7.2 கோடி டாலர். கூகுள்மீது விழுந்த அபராதங்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். 2018-இல் ஐரோப்பிய ஆணையம் ஆண்ட்ராய்டு வழக்கில் விதித்து, 2022 செப்டம்பரில் நீதிமன்றம் 412.5 கோடி யூரோவாகக் குறைத்த தொகை: 57 நாள். இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் விதித்த 1,337.76 கோடி ரூபாய்: இரண்டே கால் நாள். ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் நிறுவனங்கள் விற்ற போன்களில் தன் தேடுபொறியை மட்டும் வைக்கச் சொன்னதற்கு 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்ட 5.5 கோடி ஆஸ்திரேலிய டாலர்: அரை நாள்.

இந்திய வழக்கில் பணத்தைவிட உத்தரவுகள்தான் முக்கியம். கூகுள் தன் ஆப்களை மொத்தக் கட்டாகத்தான் எடுக்க வேண்டும் என்று போன் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது ஆணையம். 2023 ஜனவரியில் கூகுள் அதற்கு இணங்கியது. முன்நிறுவல் ஆப்களைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்று இன்னொரு உத்தரவு. அதே ஆண்டு மார்ச் 29-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்துவிட்டு, நான்கு உத்தரவுகளை ரத்து செய்தது. நீக்குவது பற்றிய இந்த உத்தரவும் அந்த நான்கில் ஒன்று. ஆக, கம்பெனிக்குத் தேர்வு கிடைத்தது, வாங்கியவருக்கு இல்லை.

செய்ய முடியாத காரியமா என்றால் இல்லை. தென்கொரியா 2014-லேயே வழிகாட்டுநெறி கொண்டுவந்தது. ஷாங்காய் நுகர்வோர் மன்றம் ஓர் ஒப்போ மாடலில் 71 முன்நிறுவல் ஆப்கள், ஒரு சாம்சங் மாடலில் 44 என்று எண்ணி 2015-இல் வழக்குப் போட்டது. 2017 ஜூலை முதல் அடிப்படைச் செயலிகள் தவிர மற்றவை நீக்கத்தக்கவையாக இருக்க வேண்டும் என்பது சீன விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் ஐபோனில் இப்போது சஃபாரியையும் ஆப் ஸ்டோரையும்கூட அழித்துவிடலாம். சட்டம் வந்ததும் 'முடியாது' முடிந்தது.

போனில் உள்ள அந்த முன்நிறுவல் இடத்தின் மேல் அரசுகளுக்கும் கண் உண்டு. ரஷ்யாவில் 2021 ஏப்ரல் முதல் போன்களில் உள்நாட்டுச் செயலிகள் கட்டாயம். 2025 செப்டம்பர் முதல் மேக்ஸ் என்ற மெசெஞ்சரும். நம் தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28 அன்று சஞ்சார் சாத்தி செயலியை 90 நாளுக்குள் எல்லாப் புதுப் போனிலும் ஏற்ற வேண்டும், அதன் செயல்பாடுகளை முடக்கவோ குறைக்கவோ கூடாது என்று உத்தரவிட்டது. தொலைந்த போனைக் கண்டுபிடிக்க உதவும் செயலிதான், பயனற்றதென்று சொல்ல முடியாது. எதிர்ப்புக் கிளம்பியதும் வேண்டாமென்றால் நீக்கிக்கொள்ளலாம் என்றார் அமைச்சர்; உத்தரவின் வாசகம் அப்படி இல்லை. டிசம்பர் 3 அன்று கட்டாயம் திரும்பப் பெறப்பட்டது. அன்றைய அறிக்கையிலேயே காரணமாகச் சொன்ன எண்: 1.4 கோடிப் பேர் தாங்களாகவே இறக்கிவிட்டார்கள், அதற்கு முந்தைய ஒரே நாளில் 6 லட்சம் பேர் பதிவு செய்தார்கள். வேண்டுமென்றால் தேடிப் போய் இறக்கிக்கொள்வார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று அரசே தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது.

செலவுப் பக்கத்தில் இன்னும் எழுதாத ஒரு வரி நேரம். 2024-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்மார்ட்போன்கள் 15.1 கோடி என்கிறது ஐடிசி. ஐபோனைக் கழித்தால் சுமார் 14 கோடி. ஒவ்வொன்றையும் சுத்தம் செய்ய, நோட்டிஃபிகேஷன்களை அணைக்க அரை மணி நேரம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 7 கோடி மணி நேரம். எட்டு மணி வேலை நாளாக்கினால் 87.5 லட்சம் நாள். இதைச் செய்வது பெரும்பாலும் வீட்டில் விவரம் தெரிந்த பிள்ளையோ, பத்தாம் வகுப்புப் பேத்தியோ. கூலி யாரும் கேட்பதில்லை.

வரவுப் பக்கத்திலோ புது வரி தொடங்கிவிட்டது. ஜெமினியை முன்நிறுவ 2025 ஜனவரி முதல் மாதாமாதம் சாம்சங்குக்குப் பணம் தருவதாக கூகுள் அதிகாரி வாஷிங்டன் நீதிமன்றத்தில் சொன்னார். அதே நீதிமன்றத்தின் நீதிபதி அமித் மேத்தா செப்டம்பரில் பிரத்தியேக ஒப்பந்தங்களுக்குத் தடை விதித்தார். பணம் கொடுத்து இடம் பிடிப்பதைத் தடுக்கவில்லை. இயல்பிருப்பு ஒப்பந்தங்கள் ஓராண்டுக்கு மேல் போகக் கூடாது என்று டிசம்பரில் சேர்த்தார். இனி அந்த இரண்டாம் பக்கத்துக்கான விலை ஆண்டுக்கொருமுறை பேசப்படும்.