தரை இறங்கினால் தண்ணீர் எப்படி ஏறும்?

2023 ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரத்தநாடு வட்டாரம் கொதித்துக் கிடந்தது. மத்திய நிலக்கரி அமைச்சகத்தின் சுரங்க ஏலப் பட்டியலில் தஞ்சை மாவட்டத்து வடசேரியும் இருந்தது. கூடவே மைக்கேல்பட்டி, கிழக்கு சேத்தியாத்தோப்பு. விவசாயிகள் கிளர்ந்தார்கள், முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 8 அன்று மூன்று இடங்களும் ஏலத்திலிருந்து விலக்கப்படுவதாக அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார்.

அதற்கு முன்பே மன்னார்குடி மீத்தேன் திட்டத்தைப் பார்த்த மண் இது. 2013-ல் தமிழக அரசு அதை நிறுத்தி வைத்தது, 2015-ல் ஒரேயடியாக மறுத்தது. அந்தப் போராட்டத்துக்காக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார்.

மன்னார்குடிப் பழுப்பு நிலக்கரி நெய்வேலியைவிட ஆழத்தில் கிடக்கிறது. அதை எடுப்பதென்றால் நிலத்துக்கு அடியில் குடைய வேண்டும், அல்லது நீரை இறைத்து அதில் அடங்கிய மீத்தேன் வாயுவை வரவழைக்க வேண்டும். இரண்டிலும் மேலே இருக்கிற தரை தாழும் ஆபத்து உண்டு.

பரம்படித்துச் சேற்றைச் சமன் செய்கிற விவசாயிக்கு, ஒரு விரற்கடை ஏற்ற இறக்கம் என்ன செய்யும் என்று தெரியும். மேட்டில் களை மண்டும், பள்ளத்தில் நாற்று அழுகும். வாய்க்காலுக்கும் அதே கணக்குதான். கல்லணையிலிருந்து கடைமடை வரை தண்ணீரைக் கொண்டுபோவது நிலத்தின் சரிவு. அந்தச் சரிவோ மிகச் சொற்பம். நடுவில் ஓர் இடம் ஒரு முழம் இறங்கினால் தண்ணீர் அங்கேயே தேங்கும். கடைமடைக்காரர் சம்பாவைக் கருக விட வேண்டியதுதான்.

சுரங்கம் நடக்கிற ஊர்களில் இந்த இறக்கத்தை எப்படிக் கண்காணிக்கிறார்கள்? லாங்வால் முறையில் ஓர் அடுக்கை முழுதாக வெட்டி எடுத்தால், எடுத்த கனத்தில் பாதிக்கு மேல்கூடத் தரை அமிழலாம். பள்ளம் சுரங்க எல்லையோடு நிற்காமல் வெளியேயும் விரியும். ஓரங்களில் மண் இழுபட்டு வெடிக்கும். அதனால் சுரங்கத்துக்கு நேர் மேலே நெடுக்கிலும் குறுக்கிலும், கம்பி பதித்த கான்கிரீட் கற்களை வரிசையாக நடுகிறார்கள். பள்ளம் எட்டாத தூரத்தில் ஓர் ஆதாரக் கல். சர்வேயர் அங்கிருந்து தொடங்கி, லெவல் கருவியில் கண் வைத்து, ஒவ்வொரு கல்லின் உயரத்தையும் குறித்துக்கொள்வார். வெட்டு தொடங்கும் முன் ஒரு முறை, பிறகு திரும்பத் திரும்ப. அந்த முதல் அளவு இல்லாவிட்டால் மற்றவை வெறும் எண்கள்.

இன்று வானத்திலிருந்தும் அளக்கலாம். ஒரே இடத்தை இரண்டு தேதிகளில் ரேடாரால் படமெடுத்து ஒப்பிட்டால், சில மில்லிமீட்டர் இறக்கம்கூடத் தெரியும். 2014-ல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் இதற்குப் பயன்படுகிறது. ஆனால் அதன் அலைநீளம் ஐந்தரை சென்டிமீட்டர் அளவுதான். பயிர் வளர்ந்து அசைகிற நெல்வயலில் அளவு குழம்பிவிடும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நாசா–இஸ்ரோவின் நிசார் செயற்கைக்கோள், 24 சென்டிமீட்டர் அலைநீள ரேடாரையும் சுமந்து போயிருக்கிறது. அந்த அலை பயிரை ஓரளவு ஊடுருவும். செயற்கைக்கோள் 12 நாளுக்கு ஒரு தரம் அதே இடத்துக்கு மேல் வரும். காவிரி டெல்டாவுக்கென்றே அமைந்த வாய்ப்பு இது.

இத்தாலியின் போ நதி டெல்டாவிலும் நெல் விளைகிறது. 1938 முதல் 1961 வரை அங்கே மீத்தேன் கலந்த நிலத்தடி நீரை இறைத்தார்கள். சில இடங்களில் தரை 3 மீட்டர் வரை இறங்கிவிட்டது. இறைப்பை அரசு நிறுத்தியது, ஆனால் இறங்கிய நிலம் எழும்பவில்லை. கடல்மட்டத்துக்குக் கீழே போன வயல்களிலிருந்து இன்றும் பம்பு வைத்துத்தான் தண்ணீரை வெளியேற்றுகிறார்கள்.

2020-ல் தமிழகத்தில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டங்களைத் தடுக்கிறது. ஏற்கெனவே இயங்குகிற எண்ணெய்க் கிணறுகளை அது தொடவில்லை. ஊருக்கு ஊர் ஆழ்துளைக் கிணறுகளும் இறைத்துக்கொண்டே இருக்கின்றன. நாளைக்கு ஒரு வாய்க்கால் பின்னோக்கி ஓடினால், காரணத்தை நிரூபிக்க விவசாயியிடம் என்ன ஆதாரம் இருக்கும்?

நீர்வளத் துறை இந்தக் கோடையிலேயே மதகுகளிலும் பாலங்களிலும் மட்டக் கற்களைப் பதிக்கட்டும். நிசார் அளவுகளோடு அவற்றை ஒப்பிட்டு, ஆண்டுதோறும் கிராமசபையில் படித்துக் காட்டட்டும். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இதையே தீர்மானமாகக் கொண்டுவர டெல்டாவின் ஒவ்வோர் ஊராட்சியும் முன்வர வேண்டும்.