கூட்டும் பொதுவும்: கட்டலோனியாவின் ஊர் இணையம்

‘கூட்டு’, ‘பொது’ ஆகிய இரு சொற்களையும் நாம் பல வேளைகளில் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக வழங்குகிறோம். ஆயினும் கூட்டுக் குடும்பம், கூட்டு வணிகம் என்னும்போது உள்ளே இருப்பவர் யார், வெளியே நிற்பவர் யார் என்பது தெளிவு. பொதுவழி, பொதுக்கிணறு என்பனவற்றில் அந்த வேலி இல்லை. வருகிறவர் எவராயினும் உரியவரே. ஊர்மக்கள் சேர்ந்து தமக்கென ஓர் இணைய வலையமைப்பை நிறுவ முற்படும்போது இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. யாருக்கு இணைப்புக் கிடைக்கும் என்பதையே அது முடிவு செய்கிறது.

இதற்குத் தக்க சான்று, ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியாவில் உள்ள குய்ஃபி.நெட். 2004ஆம் ஆண்டில் ஓசோனா வட்டாரத்தில், குர்ப் என்னும் ஊரை ஒட்டி இது தொடங்கிற்று. பண்ணை வீடுகள் தள்ளித் தள்ளி அமைந்த பகுதி அது. அங்கே கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்பது தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கணக்கு. ரமோன் ரோகா என்பவரும் அண்டை அயலாரும் கடைகளில் கிடைத்த கம்பியில்லாத் திசைவிகளையும் அலைவாங்கிகளையும் வாங்கிக் கூரைகளில் பொருத்தி, வீட்டுக்கு வீடு தொடுத்தனர். அவ்வாறு தொடுத்த கணுக்கள் பின்னாளில் 30,000ஐக் கடந்தன.

இதற்குப் பயன்படுவன தனி உரிமம் வேண்டாத 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள். ஓர் அலைவாங்கி மற்றொன்றின் கண்ணுக்குத் தெரியவேண்டும். தெரிந்தால் மட்டும் போதாது. 5 கிகாஹெர்ட்சில் 10 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க, நடுவழியில் பார்வைக்கோட்டைச் சுற்றி ஏறத்தாழ 12 மீட்டர் ஆரமுள்ள வெளியில் பெரும்பகுதி தடையற்று இருத்தல் வேண்டும். மழையைக் காட்டிலும் மரக்கிளையே இதற்குப் பகை. செம்பனைத் தோட்டங்களுக்கிடையே வாழும் நாம் இதனை நினைவிற் கொள்வது நன்று.

ஆனால் உண்மையான சிக்கல் கூரைக்குக் கீழேதான் இருக்கிறது. என் வீட்டு அலைவாங்கி எனக்கு மட்டும் உழைப்பதன்று. எனக்கு அப்பால் உள்ள வீடுகளின் செய்திகளும் அதன் வழியே செல்கின்றன. நான் வீட்டை விற்றுவிட்டுப் போனால் அவர்கள் என்ன செய்வார்கள்? பொதுக்கிணறு என்று பெயர் வைத்துக்கொண்டே சிலரை அதன் அருகில் வரவொட்டாது தடுத்த வரலாறு நமக்கு உண்டு. ஆகவே சொல்லை மட்டும் நம்புவதற்கில்லை. விதியை எழுதியாக வேண்டும்.

கட்டலோனியர் எழுதினார்கள். அவர்களுடைய பொது உரிமத்தின் சாரம் இது: பிறர்க்கு இடையூறின்றி எவரும் வலையமைப்பைப் பயன்படுத்தலாம், அது எவ்வாறு இயங்குகிறது என்பதை எவரும் அறியலாம், அதன்மீது சேவைகளை வழங்கலாம், இதே நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதனை மேலும் நீட்டிக்கலாம். கருவி வாங்கியவருக்கே உரியது, அதன் வழியாகச் செல்லும் பாதையோ எல்லார்க்கும் உரியது. கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு செலுத்தியவரே உறுப்பினர். இங்கு இணைந்தவர் யாவரும் உரியவர். 2008இல் இதனைப் பேண நிறுவப்பட்டதும் கூட்டுறவுச் சங்கமன்று, ஓர் அறக்கட்டளை.

வணிகத்தை அவர்கள் விலக்கவில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். சிறு நிறுவனங்கள் இவ்வலையமைப்பின் வழியே இணையச் சேவையை விற்கின்றன. எவர் எவ்வளவு முதலிட்டார், எவ்வளவு பயன்படுத்தினார் என்று அறக்கட்டளை கணக்கிடுகிறது. மிகுதியாகப் பயன்படுத்தியவர் கொடுக்கிறார், மிகுதியாக முதலிட்டவர் பெறுகிறார். தன்னார்வலரின் ஓய்வு நேரத்தை மட்டும் நம்பியிருந்தால் பழுதான கணுவைத் திருத்த ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க நேரிடும். கூலி பெறும் ஒருவர் திங்களன்றே ஏணியில் ஏறுவார்.

 2009இல் குர்ப் பகுதியின் பண்ணைகளுக்கு ஊரார் கண்ணாடி இழை வடமும் பதிக்கத் தொடங்கினர்.