மஞ்சள் அட்டையும் பத்து நாளும்

டிப்ளமோ முடித்த என் அண்ணனுக்கு உகாண்டாவில் வேலை கிடைத்தது. பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாம் ரெடி. கிளம்ப நாலே நாள் இருக்கும்போது கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டோம். அங்கேதான் தெரிந்தது, சான்றிதழ் செல்லுபடியாவது பத்து நாள் கழித்துத்தான்! உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக அத்தனை நாள் ஆகுமாம். டிக்கெட்டை மாற்றியதில் அம்மாவின் சீட்டுப் பணம் போச்சு.

இது மஞ்சள் காமாலை அல்ல, வைரஸ் காய்ச்சல். பரப்புவது ஏடிஸ் கொசு. ஆமாம், நம்ம ஊரில் டெங்கு பரப்பும் அதே கொசுதான்! கொசு இங்கே இருக்கு, அந்த நோய் மட்டும் இல்லை. வைரஸ் வந்துவிட்டால் என்ன ஆகும்? அதனால்தான் நோயுள்ள நாட்டிலிருந்து சான்றிதழ் இல்லாமல் திரும்புவோரை இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துகிறார்கள். நோய் வெளிப்பட மூன்று முதல் ஆறு நாள் ஆகும்.

ஊசி ஒருமுறை போதும். 2016 ஜூலை முதல் அந்த மஞ்சள் அட்டை ஆயுளுக்கும் செல்லும்.

நாளை ஆப்பிரிக்கா போகப்போகும் நண்பா, முதலில் ஊசி, அப்புறம் டிக்கெட்! பயணம் சிறக்க வாழ்த்துக்கள்.