குழந்தை உயரமே ஆகலையா? சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்!

"அவங்க அப்பாவே குள்ளம்தான், போகப்போக வளர்ந்திடுவா!" கும்மிடிப்பூண்டி சிப்காட் குடியிருப்புகளிலும் சரி, திருவள்ளூர் கிராமங்களிலும் சரி, அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பல வீடுகளில் அது உண்மையும்கூட. ஆனால் வளர்ச்சி குறைவோடு சிறுநீரகத்திலும் ஏதோ குறை என்று ஸ்கேன் சொன்னால், அதை மரபணு நோய்க்கான தடயமாக டாக்டர்கள் பார்ப்பார்கள்.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

கருவில் சிறுநீரகத்தை உருவாக்கும் மரபணுக்களில் பல, காது, கண், இதயம் போன்ற உறுப்புகளுக்கும் வேலை செய்கின்றன. அதனால் ஒரே பிழை பல இடங்களில் தெரியலாம். தவிர, ரத்தத்தின் அமிலத்தன்மையைச் சமன் செய்வதும், வைட்டமின் டி-யைச் செயல்பட வைப்பதும் சிறுநீரகம்தான். அது தடுமாறினால் எலும்பும் வளராது.

இரண்டு உதாரணங்கள்

டர்னர் சிண்ட்ரோம்: சுமார் 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வருவது. ஒரு எக்ஸ் குரோமோசோம் முழுதாகவோ பாதியாகவோ இருக்காது. சிலருக்கு இரு சிறுநீரகங்களும் ஒட்டி, குதிரை லாட வடிவில் இருக்கும். பெரும்பாலும் படிப்பில் குறை தெரியாததால் யாருக்கும் சந்தேகம் வராது. வயதுக்கு வரவில்லை என்று 15 வயதில் கூட்டிப்போகும்போதுதான் தெரியவரும். அதற்குள் வளர்ச்சி ஹார்மோன் ஊசி நன்றாகப் பலன் தரும் வருடங்கள் போய்விடும்.

சிஸ்டினோசிஸ்: மிக அரிது. ஒரு வயதுக்குள்ளேயே ஓயாத தாகம், அதிக சிறுநீர், எடை ஏறாமை தொடங்கும். இதற்கு மருந்து உண்டு. சீக்கிரம் தொடங்கினால் சிறுநீரகச் செயலிழப்பைத் தள்ளிப்போடலாம். பெற்றோர் இருவரிடமும் இந்த மரபணுப் பிழை இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் இதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

வீட்டிலேயே கவனியுங்கள்

• 2 வயதுக்குப் பிறகு வருடத்துக்கு 5 செ.மீ. கூட வளராமை
• காரணம் தெரியாத காய்ச்சல், அடிக்கடி சிறுநீர்த் தொற்று
• ராத்திரியில் எழுந்து எழுந்து தண்ணீர் கேட்பது
• கால் வளைவு, காது கேளாமை

இதில் ஒன்று இருந்தாலே மரபணு நோய் என்று பயப்படாதீர்கள். ஒன்றுக்கு மேல் சேர்ந்து வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

எங்கே போவது?

பிறந்தது முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்கு, தேசிய சிறார் நலத் திட்டத்தில் பரிசோதனை இலவசம். மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வரும். அன்று ஷிப்டாக இருந்தால், அங்கன்வாடி பணியாளரிடம் முன்கூட்டியே விவரம் சொல்லி வையுங்கள். தேவைப்பட்டால் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருக்க வேண்டும். 6 மாதத்துக்கு மேல் இங்கே தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களும் தொழிலாளர் துறைச் சான்றுடன் சேரலாம். சந்தேகமா? 104-க்கு அழையுங்கள்.

கையோடு ஒரு வேலை: கர்ப்பகால ஸ்கேன் ரிப்போர்ட், குழந்தையின் எடை, உயரம் குறித்த அட்டை இரண்டையும் இன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.