வேனிற் புனலாட்டும் குடும்ப நிழற்படங்களும்
(மோகனூர்க் காவிரித்துறையை முன்வைத்து)

புனலாட்டுப் பற்றித் தமிழிலக்கிய ஆய்வாளர் விரிவாகவே எழுதியுள்ளனர். இன்று முழுமையாகக் கிடைக்கும் பரிபாடற் பாடல்கள் 22இல் 8 வையைக்கு உரியன. நீராடச் சென்றோர் எவற்றை உடன்கொண்டு சென்றனர், எவற்றின்மீது ஏறிச் சென்றனர், ஆற்றிற்கு எவற்றைப் படைத்தனர் என்பன அவற்றால் புலனாகின்றன. பண்டை மதுரை மாந்தரின் நீர்விளையாட்டை இவ்வளவு நுணுகி அறிந்த நாம், நம் பாட்டன் பாட்டியர் கட்டுச்சோற்று மூட்டையுடன் அண்மையிலுள்ள ஆற்றிற்குச் சென்று மாலையில் வீடு திரும்பிய ஒருநாட் செலவைப் பற்றி மிகச் சிறிதே எழுதிவைத்துள்ளோம். அச்செலவிற்குரிய சான்று பெரும்பாலும் ஏடுகளில் இல்லை; வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் நிழற்படங்களிலேயே உள்ளது. அவற்றை ஆய்வுமுறையிற் படிப்பது எங்ஙனம் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நிலமும் பொழுதும்

நாமக்கல்லுக்குத் தெற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில், காவிரியின் இடக்கரையில் உள்ளது மோகனூர். எதிர்க்கரையில் வாங்கல். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888இல் பிறந்த ஊர் இதுவே. அசலதீபேசுவரர் கோயிலும், கல்யாணப் பிரசன்ன வேங்கடரமணப் பெருமாள் கோயிலும், காந்தமலை முருகன் கோயிலும் இங்கு உண்மையால், நீராடலும் வழிபாடும் ஒரே நாளில் நிறைவேறும். சுற்றுப்புற ஊரார் வண்டி கட்டிக்கொண்டு காலையிற் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம்.

இச்செலவுகள் இருவகைப்படும். சித்திரை வைகாசியில் பள்ளி விடுமுறையை ஒட்டி நிகழ்வது ஒன்று. அப்போது ஆறு மணற்பரப்பாக விரிந்து, நீர் சிற்றோடையாக ஒதுங்கியிருக்கும். ஆடித் திங்கள் 18ஆம் நாள் நிகழும் பெருக்குவிழா மற்றொன்று. பின்னதை வேனிற் செலவு என்னலாமோ என ஐயுறுவார்க்கு, ஆனியும் ஆடியும் முதுவேனில் என்னும் பழம்பகுப்பே விடையாகும். தென்மேல் பருவமழையால் குடகு மலைப்பகுதியில் பெருகும் நீர், இச்சமவெளியில் வெயில் தணியாத காலத்திலேயே வந்தடைகிறது. 1934இல் மேட்டூர் அணை திறக்கப்பெற்ற பின்னர், விழாநாளில் ஆற்றில் நீர் ஓடுவது மழையையேயன்றி அணைத்திறப்பையும் பொறுத்ததாயிற்று. ஆகவே, ஆண்டு தெரிந்த ஓர் ஆடிப்பெருக்குப் படம் அவ்வாண்டின் நீர்நிலைக்கும் சான்றாகும்.

2. கருவியின் இயல்பு

ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தின் பிரௌனி பெட்டிக் காமிரா 1900இல் வெளிவந்தது. பிற்காலத்தில் இந்தியாவிலேயே செய்யப்பெற்ற ஆக்பா கிளிக் 3 போன்ற எளிய காமிராக்கள் நடுத்தரக் குடும்பங்களை எட்டின. அதில் 120 எண் படச்சுருள் ஒன்றுக்குச் சதுரப் படங்கள் 12 மட்டுமே கிடைக்கும். இவ்வரையறையை உளங்கொள்ளாது படங்களைப் படிப்போர் பிழைபட நேரும்.

முதலாவது, எளிய காமிராவுக்கு நல்ல வெளிச்சம் தேவை. எனவே, படமெடுப்பவர் கதிரவனைத் தம் முதுகுப்புறம் கொண்டு, மற்றையோரை வெயிலை நோக்கி நிறுத்துவது வழக்கம். வெண்மணலின் ஒளியும் சேரக் கண்கள் சுருங்கும்; புருவம் நெரியும். பழைய படங்களிற் காணும் கடுமுகம் எல்லாம் அக்காலத்தார் இறுக்கத்தைக் காட்டுவதன்று. வெயிலைக் காட்டுவதாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, 12 படங்களே உண்டு என்பதனால் கையாள்வதிற் சிக்கனம் மிகுதி. குடும்பத்தார் வரிசையாக நிற்பது படமாகும். அடுப்பு மூட்டுவதும், புளிச்சோறும் தயிர்ச்சோறும் இலையில் இடுவதும், குழந்தைக்குத் தலைதுவட்டுவதும் பெரும்பாலும் படமாகா. படமெடுத்தவரும் படத்தில் இரார். ஆதலின், ஒன்று படத்தில் இல்லை என்பதனால் அது நிகழவில்லை என்று முடிபு கூறுதல் பொருந்தாது.

மூன்றாவது, ஒரு சுருள் தீரப் பல திங்கள் ஆகலாம். பொங்கலும், ஆற்றங்கரையும், ஒரு திருமணமும் ஒரே சுருளில் அடுத்தடுத்து அமையலாம். அச்சிட்ட படங்கள் பிரிந்து சிதறினும், நெகடிவ் துண்டில் அவ்வரிசை மாறாது நிற்கும். திருமண நாள் தெரிந்தால், அருகிலுள்ள ஆற்றுப்படத்தின் காலத்தையும் உய்த்துணரலாம். படத்தினும் நெகடிவே சிறந்த மூலம் என்பது இதனாற் பெறப்படும்.

3. முப்பொருள் வழி நோக்கு

முதல், கரு, உரி என்னும் தொல்காப்பிய நெறி இங்கும் துணைசெய்யும். நிழலின் நீளமும் நீரின் அளவும் முதற்பொருளை ஓரளவு உணர்த்தும். வண்டி, பரிசல், பித்தளைத் தூக்கு, முளைப்பாரி, புடைவைக் கட்டு ஆகிய கருப்பொருள்களைப் படம் தெளிவுறக் காட்டும். ஆனால் அருகருகே நிற்பவர் நாத்தனாரோ ஓரகத்தியோ, காதோலை கருகமணியை ஆற்றில் விட்டவர் எதனை வேண்டினார் என்பவை படத்தில் இல்லை. உரிப்பொருள் முதியோர் வாய்மொழியிலேயே உள்ளது.

4. அழிவும் கடமையும்

வெள்ளியால் உருவான கறுப்பு வெள்ளைப் படம், நன்கு கழுவப்பெற்றிருப்பின் நெடுங்காலம் நிற்கும். பின்வந்த வண்ணப்படங்களோ சாயத்தால் ஆனவை. அவற்றுட் பல வெளிறிவிட்டன. ஆகவே 1960களின் படத்தினும் 1980களின் படம் முந்தி அழிதலும் உண்டு. அசிடேட் படச்சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து காடிநாற்றம் வீசும். 1960இல் தொடங்கப்பெற்று ‘இந்து’ என்னும் பெயரிற் படச்சுருள் வழங்கிய உதகை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையும் இன்று இயங்கவில்லை.

ஆறும் முன்போல் இல்லை. மணல் அள்ளப்பட்டமையாற் காவிரிப் படுகை பலவிடங்களில் தாழ்ந்துள்ளது. படித்துறையின் எத்தனையாம் படிவரை அன்று மணல் இருந்தது என்பதை ஒரு குடும்பப் படம் காட்டக்கூடும். குழந்தைகளுக்காக எடுத்த படம் ஆற்றிற்கும் சான்றாகிறது.

எனவே ஆய்வு மாணவர் செய்யத்தக்கன மூன்று: நெகடிவ்களை வரிசை குலையாது காத்தல், படத்தின் பின்புறத்தில் உள்ள எழுத்தையும் படியெடுத்தல், படத்தை முதியோர் கையிற் கொடுத்து, பெயர், உறவு, துறை, ஆண்டு ஆகியவற்றைக் கேட்டுப் பதிதல். இவற்றுள் மூன்றாவதே விரைந்து செய்யற்பாலது. படம் இன்னும் சில்லாண்டு பொறுக்கும். சொல்வோர் ஆயுள் பொறாது.