குன்றின்மேல் ஒரு வெண்குடை

லண்டனிலிருந்து ஒரு நாளில் எங்கே போய் வரலாம் என்று கேட்டால், விண்ட்ஸர் கோட்டை என்பார்கள், ஆக்ஸ்போர்டு என்பார்கள். இரண்டும் பார்க்க வேண்டியவையே. ஆனால் கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறதென்றால், பிரைட்டனுக்குப் போய் வாருங்கள் என்றே நான் சொல்லுவேன்.

விக்டோரியா ஸ்டேஷனில் ரயிலேறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் அந்தக் கடற்கரைப் பட்டணத்தை அடையலாம். கரையில் மணலை எதிர்பார்க்க வேண்டாம். கால் வைக்கும் இடமெல்லாம் கூழாங்கற்கள்தாம்.

ஊர் நடுவே நிற்பது ராயல் பெவிலியன். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரானவரின் உல்லாச மாளிகை. 1815-ல் தொடங்கி அதற்கு இன்றைய உருவத்தைத் தந்தவர் ஜான் நாஷ் என்னும் சிற்பி. வெளியே மொகலாயப் பாணியில் கும்மட்டங்களும் மினார்களும். உள்ளே போனாலோ சீன தேசத்து டிராகன்கள்! நாஷ் இந்தியாவைக் கண்ணால் கண்டவரல்லர். பார்த்த மாத்திரத்தில் அது விளங்கிவிடும்.

இந்தப் பொம்மை இந்தியாவுக்குள் 1914 டிசம்பரில் மெய்யான இந்தியர்கள் வந்து சேர்ந்தார்கள். முதல் உலக யுத்தத்தில், பிரான்ஸ் போர்க்களத்தில் காயமுற்ற நம் சிப்பாய்களுக்கு மாளிகை ஆஸ்பத்திரியாயிற்று. மன்னர் சங்கீதம் கேட்ட மண்டபத்தில் வரிசையாகக் கட்டில்கள். அவரவர் ஆசாரம் கெடாதிருக்க ஒன்பது சமையற்கட்டுகள். ஹிந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். இவற்றையெல்லாம் படம் பிடித்துப் புத்தகமாகவும் அச்சிட்டார்கள். உபசாரமும் உண்மை, பிரசாரமும் உண்மை.

பிரைட்டன் ஆஸ்பத்திரிகளில் உயிர்நீத்த ஹிந்துக்களும் சீக்கியர்களுமாக 53 பேரை, ஊருக்கு வடக்கே பாட்சம் கிராமத்தை அடுத்த குன்றின்மேல் தகனம் செய்தார்கள். அஸ்தி கடலில் கரைக்கப்பட்டது. முஸ்லிம்களை வோக்கிங் என்னும் ஊரில் அடக்கம் செய்தார்கள்.

தகனம் நடந்த இடத்தில், எட்டுத் தூண்கள் தாங்கும் வெள்ளைச் சலவைக்கல் மண்டபம் ஒன்று 1921 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 'சத்ரி' என்று பெயர். குடை என்று பொருள். மண்டபம் கட்டினார்களே தவிர, யாருக்காகக் கட்டினார்களோ அவர்களுடைய பெயர்களை அங்கே பொறிக்கவில்லை. பக்கத்திலே தனிக் கல் நாட்டி 53 பெயர்களையும் பொறித்தது 2010-ல்தான். 89 வருஷம்!

மோட்டார் அதுவரை போகாது. புல்வெளியினூடே மேடேறி நடக்க வேண்டும். காற்று பலமாக வீசும், கம்பளிச் சட்டை அவசியம். மாலை ரயிலைச் சற்றுத் தாமதமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 53 பெயர்களையும் நின்று வாசிக்க நேரம் பிடிக்கும்.